சூடம் அணைத்த கை

காஜா பெராங், மலாக்கா
3-10-1956

அன்புள்ள மதிக்கு,

நான் நலம். நீயும், உள்ளே இருக்கும் நம் பிள்ளையும் நலமா? பிரசவத்துக்கு உன்னைத் தம்பினில் ரயிலேற்றிவிட்டு வந்து பதினைந்து நாள் ஆகிறது. தினமும் சோறு வைக்கிறேன், தினமும் அடிப்பிடிக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது. நேற்று ஒரு காரியமும் இல்லாமல் தெங்கேரா வரை நடந்துவிட்டு வந்தேன்.

காரணம் நீ மட்டும் இல்லை. நகரசபைத் தேர்தலில் நான் நிற்கிறேன். துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர்தான் நிற்க வேண்டும் என்று சங்கம் முடிவு செய்துவிட்டது. வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை சொல்வதற்குள் மாலை போட்டுவிட்டார்கள். சிரிக்காதே.

எதிரே நிற்பவர் மளிகைக்கடை சிதம்பரநாதன், கோயில் தலைவர். முதல் கூட்டத்தை எங்கே போட்டார் தெரியுமா? கோயில் மண்டபத்தில், வெள்ளிக்கிழமை பூஜை முடிந்த கையோடு. ஒரு கையில் சுண்டல், மறு கையில் தேர்தல் நோட்டீஸ். "சாமி இல்லேங்கிறவன் கையில ஊரைக் குடுத்தா ஊரு வெளங்குமா?" என்று கேட்டாராம். சுண்டல் தின்ற வாயெல்லாம் வெளங்காது என்று சொன்னதாம்.

பிப்ரவரியில் நம் ஊர்ப் பாடாங் திடலில் சுதந்திரத்துக்குத் தேதி சொன்னபோது நீயும் நானும் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்றோமே, அன்றைக்கு எனக்கு இருந்த நம்பிக்கை இப்போது இல்லை. தலைநகரில் பெரியவர்கள் நாட்டுக்கு எது மதம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே சாக்கடைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் எது மதம் என்று பார்க்கிறார்கள். விபூதி பூசிய வீட்டுச் சாக்கடை மணக்கிறதா என்ன? எல்லாம் விளக்கிப் பத்திரிகைக்கு எழுதினேன். சாமியைச் சாட்சிக்கு அழைத்து வாக்குக் கொடுப்பவன், மனிதருக்குப் பதில் சொல்லப் பயப்படுகிறவன் என்று எழுதினேன். ஒரு வரி குறைக்காமல் போட்டிருக்கிறார்கள். கத்தரித்து இத்துடன் வைத்திருக்கிறேன், மாமா கண்ணில் படும்படி வை.

அத்தைக்கும் விஜயாவுக்கும் என் அன்பு. மாமாவுக்கு வணக்கம். அவர் வாங்கிக்கொள்ளமாட்டார், இருந்தாலும் சொல்.

உன் தோழன்,
ஜெயபாலன்


தெலுக் ஆன்சன்
12-10-1956

தோழர் வேட்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். பத்திரிகைத் துண்டை அப்பா காபி குடிக்கும் இடத்தில் வைத்தேன். படித்தார். காபியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். எழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் சோற்றில் தண்ணீரைக் கொஞ்சம் கூட வையுங்கள்.

எனக்குக் கால் வீங்குகிறது. மற்றபடி குறை இல்லை. போன வாரம் அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபோது பக்கத்தில் இருந்த அம்மாள் என் கழுத்தையும் வயிற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு போயி எத்தன மாசம் ஆச்சும்மா?" என்று கேட்டாள். "அவரு எலெக்‌ஷன்ல நிக்கிறாரு" என்றேன். பாவம், குழம்பிப் போனாள்.

சிரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால் தினமும் சிரிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள், என்னைக் கூப்பிடவில்லை. தாலி இல்லாமல் மாலை மட்டும் மாற்றிக்கொண்டு இரண்டு வருடமாகக் குடித்தனம் நடத்துவதை இந்த ஊரில் யாருக்கும் விளக்கி முடியாது. சிலர் என்னை விதவை என்கிறார்கள், சிலர் அதைவிட மோசமாக ஒன்று சொல்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விஜயாவுக்கு ஈப்போவிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. ஆசிரியர், நல்ல பையன், அவளுக்கும் பிடித்திருக்கிறது. நவம்பர் நாலாம் தேதி நிச்சயம் செய்ய வருகிறார்கள். மூத்தவள் கழுத்தில் தாலி இல்லை என்று கேள்விப்பட்டு, அதை முதலில் சரிசெய்யுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அம்மா உங்களைக் கேட்கச் சொன்னாள். ஐயர் வேண்டாம், மந்திரம் வேண்டாம், ஒரு மஞ்சள் கயிறு போதும், மாப்பிள்ளை ஒரு நாள் வந்து கட்டிவிட்டுப் போகட்டும் என்கிறாள்.

எனக்கு வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். விஜயாவுக்காகக் கேட்கிறேன்.

உங்கள்
சந்திரமதி


காஜா பெராங்
17-10-1956

அன்புள்ள மதி,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஆஸ்பத்திரி அம்மாளை நினைத்துச் சிரித்தேன், பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டேன்.

முடியாது, மதி. அத்தையிடம் எப்படிப் பதமாகச் சொல்வாயோ சொல். ஒரு கயிறுதானே என்றுதான் எல்லாம் ஆரம்பிக்கும். கயிறு கட்டினால் குங்குமம், குங்குமம் வைத்தால் பிள்ளைக்கு மொட்டை, அப்புறம் காது குத்து. ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதைதான். விஜயாவைக் கட்டிக்கொள்ள வருகிறவன் உன் கழுத்தைப் பார்த்துத்தான் வருவான் என்றால், அவன் வராமலிருப்பதே அவளுக்கு நல்லது. இதை அவளிடம் நீயே சொல், உன் பேச்சைக் கேட்பாள்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் தெலுக் ஆன்சனுக்கு வந்து தாலி கட்டினேன் என்று சிதம்பரநாதன் காதில் விழுந்தால் தீர்ந்தது. "பாத்தீங்களா, ஊருக்குத்தான் உபதேசம்" என்று கிளேபாங் வரை ஒலிபெருக்கி வைத்துச் சொல்வார். இத்தனை நாள் பேசியதெல்லாம் வீணாகும். இந்த நேரத்தில் நீ உறுதியாக இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய பலம் என்று உனக்குத் தெரியாது. கூட்டங்களில் உன்னைப் பற்றித்தான் சொல்கிறேன். என் மனைவி கழுத்தில் அடிமைக் கயிறு இல்லை என்று சொன்னால் இளைஞர்கள் விசில் அடிக்கிறார்கள்.

பொறுத்துக்கொள். கால் வீக்கத்துக்கு உப்பைக் குறை.

உன் தோழன்,
ஜெயபாலன்


தெலுக் ஆன்சன்
5-11-1956

அன்புள்ள தோழருக்கு,

நேற்று ஈப்போக்காரர்கள் வந்து போனார்கள். நிச்சயம் ஆகிவிட்டது. நான் சொன்ன எதையும் விஜயா கேட்கவில்லை. "ஒனக்கு கொள்க இருக்குக்கா, எனக்கு அந்தப் பையன்தான் இருக்கான்" என்றாள்.

மூத்தவள் மலாக்காவில் புருஷன் வீட்டில் இருக்கிறாள், தாலி எல்லாம் கட்டியாகிவிட்டது என்று அப்பா அவர்களிடம் சொல்லிவிட்டார். ஆகவே காலையிலிருந்து அவர்கள் போகும் வரை நான் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். ஐந்து மணி நேரம். பிள்ளை உதைக்கிறது, கால் மரத்துப் போகிறது, எழுந்து நடந்தால் பலகைத் தரை கிறீச்சிடும். ஒரு தடவை தும்மல் வந்தது, தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். என் தங்கையின் நிச்சயத்தில் நான் இல்லாத ஆளாக இருந்தேன்.

அம்மா யாருக்கும் தெரியாமல் ஒரு தட்டில் கேசரி கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போனாள்.

உங்கள் மேல் வருத்தம் இல்லை. நீங்கள் சொன்னது சரி என்றுதான் நானும் நம்புகிறேன். களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். கூட்டத்தில் என் கழுத்தைப் பற்றிப் பேசுவதை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சந்திரமதி


காஜா பெராங்
20-11-1956

அன்புள்ள மதி,

பின்னறை விஷயம் படித்து இரண்டு நாள் எனக்கு எதுவும் ஓடவில்லை. தேர்தல் முடியட்டும், எல்லாவற்றுக்கும் சேர்த்து உனக்குச் செய்கிறேன்.

இங்கே ஒரு சிக்கல். தொழிலாளர் லயத்தில் நாற்பது வீட்டுக்கு ஒரே குழாய் என்பது உனக்குத் தெரியும். விடியும் முன்பே வாளி வரிசை. நான் வந்தால் இரண்டு குழாய் போடச் சொல்வேன் என்று நேற்று மாலை அங்கே பேசினேன். எல்லோரும் நன்றாகக் கேட்டார்கள். பேசி முடித்ததும் பூங்காவனம் எழுந்தாள். பாசார், சந்தைப் பக்கம் தெருக் கூட்டுகிற பெண், அவள் சொன்னால் பெண்கள் எல்லோரும் கேட்பார்கள். லயத்துக் கோடியில் மரத்தடி முனியாண்டி இருக்கிறதே, அங்கே ஒரு தட்டில் சூடத்தைக் கொளுத்திக்கொண்டு வந்தாள்.

"தம்பி, நீங்க நல்லவருதான். போன தடவ வந்தவரும் நல்லவருதான். பைப்பு வர்ல. சூடத்த அணச்சு சத்தியம் பண்ணுங்க, நம்புறோம்."

"அக்கா, சூடத்துக்கு என்ன தெரியும்? என்னை நம்புங்க" என்றேன்.

"ஒங்களுக்கு சாமி பயமும் இல்ல, பூதத்துப் பயமும் இல்ல. எதுக்குமே பயப்படாத ஆள எப்டி தம்பி நம்புறது?"

நான் எத்தனையோ மேடையில் எத்தனையோ பண்டிதர்களின் வாயை அடைத்திருக்கிறேன். அவளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. உங்களுக்குத்தான் பயப்படுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் தோன்றியது. சூடம் தட்டிலேயே எரிந்து தீர்ந்தது. கூட வந்த மண்டோர் கருப்பையா, அவர்தான் அவர்களை வேலைக்குக் கூட்டிப் போகிறவர், வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டார். "நாப்பது வீட்டு ஓட்டும் அந்தத் தட்டுலயே எரிஞ்சிருச்சி பாலன்" என்றார்.

சரியாகத்தான் செய்தேன். சரிதானே? உடனே எழுது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

உன்
ஜெயபாலன்


காஜா பெராங்
2-12-1956

என் அன்பு மதி,

ஜெயித்துவிட்டேன்! அறுபத்தொரு ஓட்டு வித்தியாசம். சிதம்பரநாதன் வந்து கை கொடுத்தார், நல்ல மனிதர்தான், எண்ணெய் வழிகிற கை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு காஜா பெராங் சாலை முழுக்கச் சுற்றினார்கள். இறக்கிவிடுங்கள் என்று கத்தினேன், யாருக்கும் காது கேட்கவில்லை. நீ இல்லையே என்றுதான் குறை. உன் பதில் ஏன் வரவில்லை? உடம்பு முடியவில்லையா?

மலாய்க்காரர்கள் சிலரும் சீனர்கள் சிலரும்கூட எனக்குப் போட்டிருக்கிறார்கள். எந்தச் சாமியும் இல்லாத ஒருவன் எல்லோருக்கும் பொது என்று நான் சொன்னது வீண்போகவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீ வேறு யாரிடமாவது கேட்பதைவிட நானே சொல்வது நல்லது. தேர்தலுக்கு முந்தின வியாழக்கிழமை மாலை மறுபடி லயத்துக்குப் போனேன். நானே சூடம் ஏற்றச் சொன்னேன். உள்ளங்கையை வைத்து அணைத்தேன். இரண்டு குழாய் என்று சொன்னேன். பெண்கள் குலவையிட்டார்கள். மதி, நான் முனியாண்டிக்குச் சொல்லவில்லை, பூங்காவனத்துக்குச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்த மொழியில் சொன்னேன், அவ்வளவுதான். தண்ணீர் வந்தால் போதாதா? கை கொஞ்சம் சுட்டது, ஒன்றும் இல்லை.

முப்பதாம் தேதி நம் வாசகசாலையில் பாராட்டுக் கூட்டம். அதற்குள் பிள்ளை பிறந்திருக்கும். நீ பிள்ளையோடு மேடையில் என் பக்கத்தில் உட்கார வேண்டும். தாலி கட்டாத தாயும் அவள் பிள்ளையும் எவ்வளவு நிமிர்ந்து இருக்கிறார்கள் என்று இந்த ஊர் பார்க்கட்டும். எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

உன்
ஜெயபாலன்


தெலுக் ஆன்சன்
11-12-1956

திரு. ஜெயபாலன் அவர்களுக்கு,

பெண் குழந்தை. ஆறாம் தேதி காலையில் பிறந்தாள். நலமாக இருக்கிறாள், நானும் நலம். அப்பா கொடுத்த தந்திக்கு, நகரசபையின் முதல் கூட்டம் முடிந்ததும் புறப்படுகிறேன் என்று நீங்கள் கொடுத்த பதில் தந்தியும் கிடைத்தது. நீங்கள் புறப்படும் முன் இது உங்கள் கைக்கு வர வேண்டும் என்று படுக்கையில் இருந்தபடியே எழுதுகிறேன்.

உங்கள் வெற்றிக் கடிதத்தை ஆஸ்பத்திரியில் படித்தேன். சூடத்தை அணைத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும். நானாக இருந்தாலும் அணைத்திருப்பேன். அவளுக்குத் தெரிந்த மொழியில் சொன்னேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில்தான் நின்றுவிட்டேன்.

என் அம்மாவுக்கும் அந்த ஒரு மொழிதான் தெரியும். அவளுக்கு உங்கள் வட்டாரத்தில் ஓட்டு இல்லை.

நம் கல்யாணத்தன்று அவள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த மஞ்சள் கயிற்றை எடுத்தபோது, "அத்தை, அதை உங்கள் ஊருக்கே கொண்டு போங்கள்" என்று மைக்கில் சொன்னீர்கள். வாசகசாலை முழுக்கக் கைதட்டியது. அம்மா அதைத் திருப்பி முடிந்துகொண்டாள். முடிச்சு விழாமல் மறுபடி மறுபடி முடிந்தாள். நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நானும் கைதட்டினேன்.

நேற்று அதை அம்மாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பாப்பாவுக்குப் பால் குடு, அழுவுது" என்றாள். அப்புறம் அவளும் அழுதாள்.

நான் தாலி கட்டிக்கொள்ளவில்லை. அப்பா இன்றும் கேட்டார், மாட்டேன் என்றேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முன்பு உங்களுக்காகவா எனக்காகவா என்று பிரித்துப் பார்த்ததில்லை, இப்போது பார்த்துவிட்டேன். எனக்காகத்தான் வேண்டாம் என்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், கோயில்காரர் சாமியைக் காட்டி ஓட்டுக் கேட்டார், நீங்கள் என் கழுத்தைக் காட்டிக் கேட்டீர்கள். பின்னறையில் நான் உட்கார்ந்திருந்தது கொள்கைக்காக என்று நினைத்திருந்தேன். உங்கள் தேர்தலுக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது. முப்பதாம் தேதி மேடைக்கு நான் வரமாட்டேன், பிள்ளையும் வராது.

குழாய் இரண்டையும் போட்டுவிடுங்கள். சூடம் சாட்சியோ இல்லையோ, பூங்காவனம் காத்துக்கொண்டிருப்பாள்.

இங்கே தமிழ்ப் பள்ளியில் ஓர் ஆசிரியை தேவையாம். மார்ச்சிலிருந்து வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன். விஜயா கல்யாணத்துக்கு நான் முன் வரிசையில் உட்காரப் போகிறேன், ஈப்போக்காரர்கள் என்ன சொன்னாலும் சரி என்று விஜயாவே சொல்லிவிட்டாள்.

வந்து மகளைப் பாருங்கள். உங்கள் நெற்றி அவளுக்கு. வந்ததும் முதலில் அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் பேசுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள். திரும்பும்போது ஒரு டிக்கெட் எடுத்தால் போதும்.

சந்திரமதி