பிளாஸ்கில் வந்த ஊசி

27.9.2006, புதன்

இன்றும் சத்துணவுக்கு முட்டை வந்து சேரவில்லை. பிள்ளைகள் தட்டைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அமைப்பாளர் என்றால் நான் என்ன கோழியா?

சாயங்காலம் மருமகள் சுகுணா வந்தாள். கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். அவள் மாமனாரின், அதாவது என் வீட்டுக்காரரின், இளைப்புக்கு வருஷம் ஒரு ஊசி இருக்கிறதாம். மழைக்கு முன்னால் போட்டுவிட்டால் ஃப்ளூ காய்ச்சல் நெஞ்சைப் பிடிக்காமல் காக்குமாம். இவர் நாற்பது வருஷம் ஆட்டோடும் பீடியோடும் அலைந்த மனுஷன். போன மழைக்கு உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். சரி, போடு என்றேன்.

இவரோடு கூட்டாக ஆடு மேய்க்கிற முப்பிடாதி அண்ணாச்சியையும் கேட்டாள். அவருக்கும் அதே நெஞ்சு, அதே பீடி. "ஆட்டுக்குப் போடு தாயி, எனக்கு எதுக்கு" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

3.10.2006, செவ்வாய்

கோவில்பட்டியில் அந்த மருந்து இல்லை. சுகுணா திருநெல்வேலிக்குப் போய் வாங்கி, காபி பிளாஸ்கில் ஐஸ் போட்டு, பஸ்ஸில் கொண்டுவந்தாள். டாக்டர் முன்னால் போட்டாயிற்று. இவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டே, "முதுகுல சாயம் வைக்கலையா?" என்று கேட்டார். ஊசி போட்ட ஆட்டுக்கு அடையாளமாகச் சாயம் வைப்போமே, அது. டாக்டரே சிரித்துவிட்டார்.

21.10.2006, சனி

தீபாவளி. கறி. மழை. இவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

9.11.2006, வியாழன்

எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நாலு நாளாக ஊரெல்லாம் காய்ச்சல். முந்தாநாள் அண்ணாச்சி படுத்தார், நேற்று இவர். விடிந்ததும் பார்த்தால் மூச்சு இழுக்கிறது, உதடு நீலமாக இருக்கிறது. கார் பிடித்துக் கோவில்பட்டிக்கு, சுகுணாவின் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தோம். மூக்கில் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள்.

நான் பேசிய பேச்சு இருக்கிறதே — ஐயோ. எங்கள் ஆட்டுக்கிடைக்கு ஊசி போட வந்தால் முதலில் ஐஸ் பெட்டியைத்தான் திறந்து பார்ப்போம். ஐஸ் உருகியிருந்தால் மருந்து செத்துப்போச்சு என்று திருப்பி அனுப்பிவிடுவோம். ஊசி போட்ட ஆடு படுத்தாலும் ஐஸைத்தான் குற்றம் சொல்லுவோம். அந்தப் புத்தியோடு வார்டு நடுவில் நின்று சுகுணாவைப் பார்த்துக் கத்தினேன்.

"பஸ்ஸுல ஐஸ உருக விட்டுட்டு செத்த மருந்தப் போட்டிருக்கியேட்டி! இவியளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் மூஞ்சில முழிக்காத!"

அவள் பாட்டிலில் மருந்து இறங்குகிறதா என்று பார்த்தாள், அடுத்த கட்டிலுக்குப் போனாள். திருப்பி நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

கழுகுமலை முருகா, இந்த மனுஷனை எனக்கு விட்டுக்கொடு.

10.11.2006, வெள்ளி

காய்ச்சல் அப்படியே. காலையில் அண்ணாச்சியையும் இங்கேதான் தூக்கிவந்தார்கள். இங்கே முடியாது என்று மத்தியானமே பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். வேனில் ஏறும்போது அண்ணாச்சி சம்சாரம் வள்ளித்தாய் மதினி என் கையை விடவே இல்லை.

12.11.2006, ஞாயிறு

எழுந்து உட்கார்ந்துவிட்டார்! ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். மூன்று நாள் கழித்து வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "ஆட்ட யாரு பாக்கா?" நான் இங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன், இவருக்கு ஆடு. கேட்கட்டும், ஆயிரம் தடவை கேட்கட்டும்.

அண்ணாச்சிக்குத் தொண்டையில் குழாய் போட்டிருக்கிறார்களாம். மெஷின்தான் மூச்சு விடுகிறதாம்.

ஊசி போட்டும் ஏன் வந்தது என்று டாக்டரிடம் கேட்டேன். "வரவே வராதுன்னு நான் சொல்லலையேம்மா. சில பேருக்கு வரும், ஆஸ்பத்திரி வரைக்கும்கூட வரும். ஆனா நோய் முத்தி மெஷின் வரைக்கும் போற ஆபத்து குறையும். அதுக்குத்தான் போடச் சொல்றோம்."

அப்போ இவர் ஊசியால்தான் பிழைத்தாரா?

"ஒரே ஆளை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. முப்பிடாதி போட்டிருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம். நூத்துக்கணக்கான பேரைப் பார்த்தா, போட்டவங்கதான் தேவலாம்னு இருக்காங்க."

இவர் கட்டிலில் கிடந்தபடியே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். டாக்டர் போனதும், "ஆட்டுக்கொல்லி நோய் வந்த வருசம் ஊசி போட்டதுல ஆறு உருப்படி மூக்கு ஒழுகிப் படுத்துச்சுல்லா? ஆறும் எந்திரிச்சு மேஞ்சுதா இல்லையா? போடாததுல எத்தன புதைச்சோம்? அந்தப் பிள்ளையப் போயி ஏசியிருக்கியே" என்றார். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

13.11.2006, திங்கள்

இன்னும் கேட்க வேண்டியிருந்தது. சுகுணாவோடு வேலை பார்க்கும் நர்ஸ் ஐஸ்வர்யா சொன்னாள். ஊசி மருந்து வாங்கிவந்த அன்றைக்கு சுகுணா பாதி வழியில் கயத்தாறில் இறங்கி, புது ஐஸ் வாங்கித் துணியில் சுற்றி வைத்து, அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாளாம். மருந்து சூடாகவும் கூடாது, உறையவும் கூடாதாம். பிளாஸ்கை யாரும் இடித்துவிடக் கூடாதென்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாளாம். என்னிடம் இதில் ஒரு வார்த்தை சொன்னாளா? இல்லை.

மன்னிச்சுக்கோ என்று சொல்லத்தான் அவளைக் கூப்பிட்டேன். வாயில் வந்தது "சாப்பிட்டியா?"

"ஆச்சு அத்தை."

சீ, என்ன வாய் இது. ஏசுவதற்கு மட்டும் நீளுகிறது.

15.11.2006, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். பீடிக் கட்டை அடுப்பில் போட்டேன். பார்த்துக்கொண்டே இருந்தார்.

2.12.2006, சனி

அண்ணாச்சி வந்துவிட்டார். பதினோரு நாள் மெஷினில் கிடந்த உடம்பு. சட்டை மட்டும்தான் பெரிதாகத் தெரிகிறது, குரல் எழும்பவில்லை. இருந்தாலும் நடந்தே எங்கள் வாசலுக்கு வந்தார். மதினி கழுகுமலையில் மொட்டை போட்டிருக்கிறாள். இரண்டு பேரையும் திருப்பித் தந்த முருகனுக்கும், அந்த டாக்டர்களுக்கும், பேர் தெரியாத நர்ஸுகளுக்கும் நான் என்ன செய்வேன்? பேர் தெரிந்த ஒருத்திக்கே இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

4.10.2007, வியாழன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் மூன்று பேர். இவர், அண்ணாச்சி, நான். அண்ணாச்சியை யாரும் கூப்பிடவில்லை, அவராகவே முதல் பஸ்ஸுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். சுகுணா திருநெல்வேலி பஸ்ஸை விட்டு இறங்கி, அதே பிளாஸ்கோடு வேர்த்து விறுவிறுத்து வந்தாள்.

"அத்தை, மொதல்ல ஐஸப் பாத்துருங்க. பெறவு என்னைய ஏசக்கூடாது" என்று சிரித்துக்கொண்டே மூடியைத் திருகப் போனாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வருஷமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"பாக்க வேண்டாம்ட்டி. போடு" என்றேன். ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தேன்.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வலிக்காது அத்தை" என்றாள்.