ஓணான்குன்று மானுக்கு ஒரு கோட்டிங்

ஜனவரி 18

சாயப் பட்டறையில் மூன்று நாளாக அரக்குச் சிவப்பு பொருந்தவில்லை. முதலாளி நூலை வெயிலில் தூக்கிப் பிடித்துச் சூரியனிடம் ஒப்புதல் கேட்கிறார். ஜவுளி வேதியியலில் பி.டெக். முடித்த நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

மாலையில் சத்யப்ரியா போன் செய்தாள். ஆரணியில் என்னோடு படித்தவள், இப்போது பெரணமல்லூர் தாண்டி ஓணான்குன்றில் அறிவியல் டீச்சர். ஊர்க் குன்றைக் கல்குவாரிக்கு ஏலம் விடப் போகிறார்களாம். பிப்ரவரி பத்தாம் தேதி ஆட்சேபணைக் கூட்டம். குன்றின் குகையில் காவி மண் ஓவியங்கள் இருக்கின்றனவாம், மூவாயிரம் வருஷத்துப் பழசாம். அதைச் சோதித்து நான் எழுதித் தர வேண்டுமாம். படங்களும் அனுப்பியிருக்கிறாள்.

மூவாயிரம்! இந்த நாட்டில் எல்லாப் பழமைக்கும் முழு எண்தான். இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பதினாறு என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

ஜனவரி 26

போய் வந்தேன். சத்யப்ரியா கொடியேற்று வேலையில் கீழேயே நின்றுவிட்டாள். தனியாகத்தான் ஏறினேன்.

ஒரு மான், கைகோத்த மனிதர்கள் ஏழு பேர். சிவப்பு பளபளவென்று இருக்கிறது. மானுக்குக் கண் இருக்கிறது. கண்ணுக்கு இமையும் இருக்கிறது. ஆதிமனிதனிடம் மை டப்பாவும் இருந்திருக்கும் போல.

பஞ்சில் தின்னர் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு சிவந்தது. காவி மண் தின்னரில் கரையாது. கடையில் வாங்கிய எனாமல் பெயிண்ட் கரையும். ஐந்து நிமிட வேலை. 'சமீபத்திய பெயிண்ட். தொல்லியல் மதிப்பு இல்லை' என்று பாறைமேல் உட்கார்ந்தே எழுதினேன். சத்யப்ரியா அமுக்கிவிடுவாளோ என்று ஏலம் விடும் அலுவலகத்துக்கும் நானே மெயில் போட்டுவிட்டேன். உண்மையை யாருக்காகவும் தள்ளிப்போட முடியாது.

ஜனவரி 28

சத்யப்ரியா போனை எடுக்கவில்லை. உண்மை சொன்னால் அப்படித்தான்.

பிப்ரவரி 2

பட்டறை வாசலில் ஒருவர் காத்திருந்தார். பெயர் எல்லப்பன், ஓணான்குன்றுக்காரர், சுவர் விளம்பரம் எழுதுபவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்த மானு எங்க தாத்தன் பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்குது சார். ஆபீசருங்க பாக்க வராங்கன்னு டீச்சர் சொன்னாங்க. மங்கிப் போய்க் கெடந்துச்சு. அழுக்கு வூட்ல விருந்தாளிய உக்கார வெப்பமா? நான்தான் ஒரு கோட்டிங் குட்த்தேன்."

கண் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"இல்லாம இருந்துச்சு. பாவமா இருந்துச்சு சார்."

டீச்சர் திட்டுவாரென்று அவரிடம் சொல்லவில்லையாம். கூட்டத்தில் காட்ட என் கடிதத்தைக் குவாரிக்காரர்கள் நகலெடுத்து வைத்திருக்கிறார்களாம்.

சத்யப்ரியா அனுப்பிய படங்களை இன்றைக்குத்தான் திறந்தேன். மங்கலான மான். கண் இல்லை.

திறந்து பார்க்க எத்தனை நொடி ஆகியிருக்கும்? இன்னா படிப்பு படிச்சேன் நான்?

பிப்ரவரி 5

எல்லாவற்றையும் சத்யப்ரியாவிடம் சொல்லி, அவளோடு மறுபடியும் ஏறினேன். எல்லப்பன் எங்களுக்கு முன்னால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

முன்னங்கால் ஓரத்தில் மட்டும், நகமளவுக்கு நகமளவாக எனாமலை எடுத்தேன். அடியில் மங்கிய செம்பழுப்பு. எத்தனை முறை துடைத்தும் பஞ்சு சிவக்கவில்லை. லென்ஸில் பார்த்தால் மணல்மணலாக இரும்பு மண், கல்லுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. அதன்மேல் கண்ணாடி போல ஒரு மெல்லிய படிவு. அது டப்பாவில் வராது, ஒரே நாளில் படியவும் படியாது. யாரோ மண்ணை அரைத்து விரலால் தீட்டியது. வெயிலுக்கும் மழைக்கும் போகாத சிவப்பு. என் பட்டறையில் மூன்று சலவை தாங்கினாலே இனிப்பு வாங்குவோம்.

இன்னொன்றும் தெரிந்தது. அடியில் இருக்கும் பழைய கோடுகளில் கால் மடங்கியிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த மானை எல்லப்பன் நிற்க வைத்துவிட்டார்.

மேலே துடைக்கப் போன கையைச் சத்யப்ரியா தடுத்தாள். "போதும். மிச்சத்த அதுக்குப் படிச்சவங்க செய்யட்டும்." கொஞ்சம் கழித்து, "மேல இருக்கறத சோதிச்சுட்டு அடியில இருக்கறதுக்குத் தீர்ப்பு எழுதிட்டியேடா" என்றாள்.

பிப்ரவரி 10

கூட்டம். என் முதல் கடிதத்தைக் குவாரிக்காரர்களின் வக்கீல் நிறுத்தி நிதானமாக வாசித்தார். நல்ல உச்சரிப்பு. இரண்டாவது கடிதத்தை நான் நீட்டினேன். இரண்டிலும் உங்கள் கையெழுத்துதானே, எதை நம்புவது என்று அதிகாரி கேட்டார்.

"மொதல்ல எழுதனது தப்பு சார். மேல்பூச்ச மட்டும்தான் பாத்தேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஊரான் தப்புக்கு எனக்குப் பத்துப் பக்கம் வரும். என்னுடையதற்கு இரண்டு வாக்கியம்தான் வந்தது.

எத்தனை வருஷப் பழமை என்றும் அதிகாரி கேட்டார். தெரியாது என்றேன்.

பிப்ரவரி 24

ஏலப் பட்டியல் வந்தது. ஓணான்குன்று அதில் இல்லை. தொல்லியல் ஆய்வு முடியும்வரை நிறுத்தி வைப்பு.

மாலையில் எல்லப்பன் போன். திங்கட்கிழமை ஆய்வுக்கு வருகிறார்களாம். பாறையைச் சோப்பு போட்டுக் கழுவி வைக்கலாமா என்றார். தண்ணீர்கூடப் படக் கூடாது என்று கத்தினேன்.

"கோலமாவது போடலாமா சார்?"

போடலாம் என்றேன். தெருவில். அதுவும் பள்ளிக்கூடத்து வாசலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.