குடைத்தண்டில் சுழன்ற கோப்பித் தகரம்

அன்புள்ள மச்சாள்,

இன்று காலை திருகோணமலைச் சந்தைக்குப் போனேன். கோப்பி வறுக்கும் கடையில் புதிதாக ஒரு மெசின் பூட்டியிருக்கிறார்கள். உருளை தானாகச் சுழல்கிறது, கடைக்காரர் கதிரையில் இருந்து பேப்பர் படிக்கிறார். அந்த மணம் மூக்கில் ஏறியதும் மரக்கறி வாங்க வந்ததை மறந்து நின்றுவிட்டேன். "கோப்பித்தூளோ அம்மா?" என்றார். "இல்லை, சும்மா" என்றேன். என் அண்ணன் பெண்சாதியைத் தேடி நிற்கிறேன் என்றால் அவருக்கு விளங்குமா?

உலக யுத்தக் காலத்துக் கடைத்தூளில் கோப்பியை விடப் புளியங்கொட்டைதான் கூட. கலப்படத்தை உங்களுக்குக் கண்ணிலே காட்டக்கூடாது. பச்சைக் கொட்டை வாங்கிச் சட்டியில் வறுத்தாலோ ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை. துறைமுகப் பட்டறையில் வேலை செய்த அண்ணன் ஒருநாள் வெறும் பிஸ்கட் தகரம் கொண்டுவந்தார். நீங்கள் அதைத் துளைத்து, காலமான எங்கள் அப்புவின் பழைய குடையின் இரும்புத் தண்டைச் செருகி, அடுப்புக்கு மேல் இரண்டு கல்லில் ஏற்றினீர்கள். குடையின் மரப்பிடிதான் சுழற்றும் கைப்பிடி. "செத்த மனிசன்ர குடையை அடுப்பிலை வைக்கிறாளே!" என்று அம்மா கத்தினா. நீங்கள் காதில் வாங்கவில்லை.

தகரம் அழகாகத்தான் சுழன்றது. பிறகு மூட்டில் இருந்த ஈயம் உருகி, அடி கழன்று, கொட்டை முழுவதும் சாம்பலில் விழுந்தது. அண்ணன் குசினி வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஈயம் நெருப்பிலை உருகுமெண்டு தெரியாதோ?"

"தெரிஞ்சவர் முதலே சொல்லியிருக்கலாம்" என்றீர்கள். கொட்டையைச் சுளகில் போட்டுப் புடைத்தீர்கள். தகரத்தின் மூட்டு விளிம்பை மடித்துத் தட்டிக் கம்பியால் இறுக்கிய பிறகு அது உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டது.

துறைமுகத்தில் குண்டு விழுந்த காலை அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். பகல் முழுக்க எண்ணெய்த் தாங்கிகளின் கரும்புகை. சனம் பெட்டி படுக்கையோடு நிலாவெளிப் பக்கம் ஓடியது. பட்டறை தரைமட்டம் என்று ஒருவர் வந்து சொன்னார். அம்மா தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஒப்பாரிக்கு வாய் திறந்தா.

எதிர்வீட்டு இராசம்மாக்கா ஓடி வந்தா. அவவின் கணவர் கந்தையாவும் அதே பட்டறைதான். ஆனால் அன்று லீவு போட்டுக் கிண்ணியாவுக்கென்று புறப்பட்டவர். "அடுப்பை மூட்டாதையுங்கோ பிள்ளை, நான் கோப்பி ஊத்திக்கொண்டு வாறன்" என்றா. செத்தவீட்டில் அடுப்பு எரியாது, கோப்பி அயலில் இருந்துதான் வரும். அவ நல்ல மனதோடுதான் சொன்னா.

"வேண்டாமக்கா. இது செத்தவீடில்லை" என்று எழும்பினீர்கள்.

அடுப்பை மூட்டி, தகரம் நிறையக் கொட்டையைப் போட்டுச் சுழற்றத் தொடங்கினீர்கள். மணம் படலையைத் தாண்டித் தெருவுக்குப் போனது. இப்படியும் நெஞ்சழுத்தமா என்று அயலார் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது. ஒருமுறை வறுத்து முடிந்ததும் கொட்டிவிட்டு அடுத்ததைப் போட்டீர்கள். கை ஓய்ந்தால் அண்ணன் இல்லை என்று ஆகிவிடும் என்பதுபோல் இருந்தது உங்கள் முகம். எனக்கு உங்களைப் பார்க்கப் பயமாக இருந்தது.

பொழுதுபடும் நேரம் எண்ணெயும் கரியும் பூசிய ஓர் உருவம் குசினி வாசலில் நின்றது. தகரமும் நின்றுவிட்டது.

"என்னப்பா, கோப்பி கருகுது" என்றார் அண்ணன்.

அம்மா அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதா. நீங்கள் மட்டும் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "என்ன நடந்தது? சொல்லுங்கோ."

அவர் குரலைத் தாழ்த்தினார். "கந்தையா கிண்ணியாவுக்குப் போகேல்லை. வள்ளம் தவறிப்போச்செண்டு வேலைக்கு வந்திட்டான். எனக்குப் பக்கத்திலைதான் நிண்டவன்."

கருகாத கொட்டையைப் பொறுக்கி இடித்து, பெரிய கேத்தில் நிறையக் கோப்பி ஊற்றினீர்கள். எதிர்வீட்டில் அழுகுரல் எழும்பியபோது கேத்திலைத் தூக்கினீர்கள். விடியத் தொடக்கம் பச்சைத்தண்ணியும் குடிக்காத அண்ணனைக் காட்டி, "அண்ணைக்கு ஒரு வாய்?" என்றேன்.

"அவருக்கு நாளைக்கு இருக்கடி."

தெருவைக் கடந்து, அவர்களுடைய படலையைத் திறக்குமுன் நின்று, சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தீர்கள். நீங்கள் அழவே இல்லையே, எதைத் துடைக்கிறீர்கள் என்று யோசித்தேன். அண்ணன் வந்த சந்தோஷத்தைத்தான் துடைத்தீர்கள் என்பது விளங்க எனக்கு வருஷங்கள் எடுத்தன. இன்றைக்கும் நல்ல செய்தி ஒன்று வந்தால், மச்சாள், படலைக்கு வெளியே போகுமுன் என் கை தானாக முகத்துக்குப் போகிறது.