மூன்று தரம் செத்த ராணி

சௌபாக்கியவதி செங்கமலத்துக்கு அநேக ஆசீர்வாதம். நீயும் குழந்தைகளும் சௌக்கியம்தானே?

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் மீசை போய்விட்டது. ராணி வேஷக்காரன் டாக்கி சினிமாவில் நடிக்க ஓடிவிட்டான். மயிலாப்பூர் கொட்டகையில் நேற்று நம் நாடகத்தின் கடைசி ஆட்டம். வாத்தியாரான நானே சேலை கட்டினேன்.

தரை டிக்கெட்டில் இருந்த மீன்காரி பச்சையம்மா, "இன்னா வாத்தியாரே, ராணி முழுகாம கீறாங்களா?" என்று என் தொப்பையைப் பார்த்துக் கேட்டாள். ஆனாலும் நான் பாடி உயிர்விட்டதும், "ஒன்ஸ்மோர்!" என்று கொட்டகையே அலறியது. எழுந்து பாடி மறுபடி செத்தேன். இப்படி மூன்று தரம். முதல் வருஷம் படுதா ஓரம் நின்று நீ அழுதாயே, அதே பாட்டு. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை, கமலம். இந்த நாடகத்தையா மூடுகிறோம் என்றிருந்தது.

நார்த்தங்காய் கொஞ்சம் அனுப்பு. தனியே சாப்பிட்டால் எதுவும் உறைப்பதில்லை. தபால்காரர் வந்துவிட்டார்.

உன்,
நாகலிங்கம்

சொல்ல மறந்தேன்: நேற்று இங்கே பேய்மழை. மங்களம் பாடும்போதுதான் விட்டது.