ஜுரம் விட்ட நாள்

கார்த்திகை 5, திங்கள்

விடியற்காலை தூறல். வாடைக் காற்று. ஏரி கலங்கல். முகத்துவாரம் திறந்தே இருக்கிறது, கடல் தண்ணீர் தாராளமாக உள்ளே வருகிறது. இறாலுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

வெள்ளிக்கிழமை என் பாடு, ஏரியில் இறால் வரும் இடத்தில் வலை கட்டுகிற முறை. அமாவாசைக்கு மறுநாள். போன சுற்றில் என் முறை வந்தபோது புயல் எச்சரிக்கை. அதற்கு முந்தின சுற்றில் முகத்துவாரம் அடைத்துக் கிடந்தது. இதையும் விட்டால் ஊர் முழுக்கச் சுற்றி வந்த பிறகுதான் அந்த இடத்தில் மறுபடி நான் வலை கட்ட முடியும். பேர் உள்ளவன் நேரில் வர வேண்டும், ஆள் அனுப்பக் கூடாது. ஊர்க்கட்டு. வராவிட்டால் அந்த நாள் மாற்றாக எழுதியிருக்கும் பேருக்குப் போகும். எனக்கு மாற்று ஏழுமலை. பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். அவன் சொந்த முறை அடுத்த வாரம் வியாழன், அதுவும் அவனுக்கு அப்படியே இருக்கும்.

சாயங்காலம் அவன் பெண்டாட்டி கோமதி வந்தாள். பஞ்சாயத்தில் கொசு ஒழிப்பு வேலை. நேராக வீட்டுக்குப் பின்னால் போய், ஐஸ் வைக்கிற தெர்மாகோல் பெட்டிக்குள் டார்ச் அடித்தாள்.

"புழு நெளியுது பாருண்ணா. மழத்தண்ணி நின்னுகினு கீது. கொட்டிடு."

ஏரிக்கரையில் குடியிருப்பவனிடம் வந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டச் சொல்கிறாள். அப்போ ஏரியை இன்னா பண்ணப் போறே என்று கேட்டேன்.

"உப்புத் தண்ணில இந்தக் கொசு வளராதுண்ணா. அதுக்கு நல்ல தண்ணிதான் வோணும். கடிக்கிறதும் பகல்லதான்."

நம்மைவிட வசதியான கொசு. ஊரில் இத்தனை வீடு இருக்க என் வீட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அக்கறை?

உடம்பு வலி. மழையில் நனைந்ததாக இருக்கும்.

கார்த்திகை 6, செவ்வாய்

ஜுரம். கொதிக்கிறது. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டை விரலால் அழுத்துவது போல வலி. முதுகு, முட்டி, எல்லாம் போச்சு. என் பெண்டாட்டி மல்லிகா ஆட்டோ பிடித்துப் பழவேற்காடு ஆஸ்பத்திரியில் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்க வைத்தாள். நிறையப் பேர். ஒரு பெஞ்சு முழுக்க எங்கள் ஆட்கள்தான்.

மதியம் கோமதி மறுபடி. ஜுர மாத்திரை தவிர வேறு வலி மாத்திரை போடக் கூடாதாம், ரத்தம் கசியுமாம். கஞ்சி, இளநீர், உப்பு சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வேண்டுமாம். என்னைக் கடித்த கொசு அடுத்தவனைக் கடித்தால் அவனுக்கும் வருமாம். வலையில் மாட்டுகிற ஜாதி நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். மகள் தீபா சிரித்தாள். ஒன்பதாவது படிக்கிறாள், எல்லாவற்றுக்கும் சிரிப்பு.

இரவு சுவருக்கு அந்தப் பக்கம் ஏழுமலை குரல். "வெள்ளிக்கி எழுந்து வருவானா அவன்?" கோமதி என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை. மெதுவாகத்தான் பேசுகிறார்கள்.

கார்த்திகை 7, புதன்

டெங்குவாம். போனில் சொன்னார்கள். அட்மிட் வேண்டாம், தினம் வந்து ரத்தம் காட்டணும் என்று சொல்லியிருக்கிறார்கள். உடம்பில் சிவப்புப் புள்ளி. சோறு கசக்கிறது. நிலவேம்பு அதைவிட. பப்பாளி இலைச் சாறு எல்லாவற்றுக்கும் மேல்.

பார்க்க வந்தவர்கள் சொன்னது:
பூசாரி: படு.
டீக்கடைக்காரர்: நல்லா படு.
ஊர்த் தலைவர்: உடம்புதான் முக்கியம், பாடு எங்க போயிடப் போவுது.
ஏழுமலை: வாசலில் நின்று தலையாட்டிவிட்டு, வெயிலில் காயும் என் வலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். புது வலை.

அவன் போன பின்னாலேயே கோமதி. மல்லிகாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசியிருப்பாள்.

"ஜொரம் எறங்குற அன்னிக்கிதான்க்கா உஷாரா இருக்கணும். சரியாப்பூட்சுனு எழுந்து போயிருவாங்க. அப்பதான் ஆள அடிக்கும். வயித்து வலி, வாந்தி, பல்லுல ரத்தம், கை கால் சில்லுனு ஆவுது, இதுல எது வந்தாலும் ஒடனே இட்னு போயிடு."

இங்கேதான் மாட்டிக்கொண்டாள். ஜுரம் இருக்கும்போது படு என்றாள். சரி. ஜுரம் விட்டாலும் படு என்கிறாள். எப்போது எழுந்திருப்பது? அவள் புருஷன் என் இடத்தில் வலை கட்டி இறாலை அள்ளின பிறகா? இந்த மாதிரி ஒரு வியாதியை நான் கேள்விப்பட்டதே இல்லை. குறைந்தால் ஆபத்தாம்.

மல்லிகாவிடம் சொன்னேன். "உனுக்கு எல்லாரும் திருடனாத்தான் தெரியும்" என்றாள்.

கார்த்திகை 8, வியாழன். அமாவாசை

ஜுரம் விட்டுவிட்டது. காலையில் நெற்றி ஜில்லென்று இருந்தது. எழுந்து உட்கார்ந்தேன், தலை சுற்றவில்லை. கஞ்சி குடித்தேன். என் கணக்கு சரி. ரத்தம் காட்டப் போகவில்லை. ஜுரமே இல்லாதவன் எதற்குப் போக வேண்டும்?

பல் தேய்க்கும்போது கொஞ்சம் ரத்தம். பிரஷ் குத்தியிருக்கும்.
வயிறு பிடித்தாற்போல. கஞ்சியில் உப்பு அதிகம்.
தீபா கையைப் பிடித்துப் பார்த்து, "நைனா, ஐஸ் மாதிரி கீது" என்றாள். குளிர் காலம்.

வலையை மடித்து வைத்தேன். கழிகள் எண்ணிப் பார்த்தேன். பாதியில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது.

மல்லிகா மத்தியானம் எங்கேயோ போய்விட்டு வந்தாள். கேட்டேன், நேராக அடுப்படிக்குப் போனாள். மூஞ்சியில் கள்ளத்தனம். அவளுக்குப் பொய் சொல்ல வராது, அதனால் பேசாமலே இருப்பாள்.

விளக்கு வைத்ததும் தெரிந்துவிட்டது. தலைவர் வீட்டுக்குப் போய், நாளைக்கு என் புருஷன் வர மாட்டார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். என்னைக் கேட்காமல். என் பேரில் உள்ள பாட்டை.

"கோமதி சொல்லிக் குடுத்தாளா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. உன் கையத் தொட்டுப் பாத்தேன். நானே போனேன்."

நம்பவில்லை. என் வீட்டுக்குள்ளேயே ஆள் வைத்துவிட்டார்கள். இவ்வளவு கோபம் எனக்கு வந்து வருஷக்கணக்கு ஆகிறது. வயிறு வேறு முறுக்குகிறது. இருக்கட்டும். நாளை இருட்டோடு கரைக்குப் போய் நிற்பேன். பேர் உள்ளவன் நேரில் நின்றால் எவனும் ஒன்றும் பேச முடியாது.

கார்த்திகை 11, ஞாயிறு. பொன்னேரி, ஜி.எச்.

வலது கையில் ட்ரிப்ஸ். இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறின மாதிரி. வெளியே மழை. மல்லிகா கட்டிலுக்குக் கீழே தூங்குகிறாள்.

வெள்ளிக்கிழமை கரைக்குப் போனேன். ஏழுமலை ஏற்கெனவே அங்கே, படகில் அவன் வலையோடு. எறங்குடா, நான் வந்துட்டேன் என்றேன். "தலைவரு சொல்லிட்டாரு, உன் ஊட்ல வந்து சொல்லிட்டாங்க" என்றான். முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்தேன். பிடித்தது வரைக்கும் ஞாபகம். அப்புறம் வாந்தி. காபித் தூள் மாதிரி. தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டேனாம்.

என்னைத் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடியவன் ஏழுமலைதான். ஆட்டோவில் ஏற்றிவிட்டான். ஏற்றிவிட்டுத் திரும்பிப் போய் வலையும் கட்டினான். இரண்டையும் மல்லிகாதான் சொன்னாள்.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருக்கிறார். சத்தமே போடாமல் பேசுகிறார். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியே போயிருக்கிறது, அதனால்தான் கை கால் ஜில்லிட்டுப் போயிற்று, பிரஷர் விழுந்தது. ஜுரம் விட்ட நேரத்தில்தான் இது ஆரம்பிக்கும். ஏரிக்கு நடுவில் இது நடந்திருந்தால் கொண்டுவந்திருக்க முடியாது என்றார். கோமதி சொன்னது அப்படியே, வார்த்தைக்கு வார்த்தை. அவளை நம்பாதது என் புத்தி.

மல்லிகாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும். இட்லி கொடுத்தாள், தின்றேன்.

கார்த்திகை 12, திங்கள்

பிளேட்லெட் ஏறுகிறது. மழை விட்டுவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் கவரப்பேட்டை, டிரைவர், குறட்டை. பகலிலும் கொசுவலை. இப்போது நானே இழுத்துச் சொருகிக்கொள்கிறேன்.

தீபா போனில் ஊர் சேதி சொன்னாள். வெள்ளிக்கிழமை ஏழுமலைக்கு நல்ல இறாலாம், பெரிசு பெரிசாக. எங்கள் வீட்டுக்கு ஒரு கை கூட வரவில்லை. ஆக நான் சந்தேகப்பட்டதும் சரி. கோமதி சொன்னதும் சரி. இந்த இரண்டும் எப்படி ஒன்றாகச் சரியாக இருக்க முடியும் என்று மதியம் முழுக்க மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தபடி யோசித்தேன்.

இன்னொன்றும் சொன்னாள். சனிக்கிழமையிலிருந்து ஏழுமலைக்கு ஜுரம். ரத்தம் கொடுக்க மாட்டேன் என்கிறானாம். சளி ஜுரம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான்.

எதற்கு என்று எனக்குத் தெரியும். வியாழன் அவன் பாடு.

கார்த்திகை 14, புதன்

வெயில். நாளைக்கு அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது.

மத்தியானம் கோமதி வந்தாள். தலை வாரவில்லை. வேலைக்குப் போகிற பை தோளில் அப்படியே. பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

"காலையில ஜொரம் வுட்டுச்சுண்ணா. வலைய எடுத்து வெச்சுக்கினு கீறாரு. வயிறு வலிக்குதுன்னு பொண்ணாண்ட சொல்லிக்கீறாரு, என்னாண்ட சொல்லல. நான் எது சொன்னாலும் ஊட்லயே உத்யோகம் பாக்குறியான்றாரு. நீ பட்டவன். நீ சொன்னா கேப்பாரு."

போன் போட்டேன். நான் எப்படி விழுந்தேன், டாக்டர் என்ன சொன்னார், எல்லாம் சொன்னேன். இப்பவே கிளம்பி வா என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தான். மூச்சு வாங்குவது இங்கே கேட்டது.

"இன்னாடா தேசப்பா. உனுக்குக் கெடைக்காதது எனுக்கும் கெடைக்கக் கூடாதுன்னு பாக்குறியா?"

"டேய், நான் பாத்துட்டு வந்து சொல்றேன்டா."

"ஆஸ்பத்திரில படுத்துனு என் முறை மேல கண்ணு வெக்காத. வெய் போன."

கோமதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புதிதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அவனுக்காகப் பயப்படுவேன் என்று போன வாரம் யாராவது சொல்லியிருந்தால் சொன்னவனையும் சந்தேகப்பட்டிருப்பேன்.

மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி. சுவிட்ச் ஆஃப்.

தலைவர் நம்பரைப் போடு என்று மல்லிகாவிடம் சொன்னேன். ஏழுமலை நாளைக்கு வர மாட்டான், அவனுக்கும் இதுதான், ஆள் அனுப்பி இப்போதே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று நான் சொல்லப் போகிறேன். அவன் பேரில் உள்ள பாட்டை, அவனைக் கேட்காமல். மல்லிகா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.

இனி ஜென்மத்துக்கும் அவன் என்னோடு பேச மாட்டான். பரவாயில்லை. உயிரோடு இருந்து பேசாமல் இருக்கட்டும்.