சினேகிதருக்குத் துடக்கு இல்லை

இன்று காலை குளிர்கால மேலங்கியை முதல்முறையாக வெளியே எடுத்தேன். டோர்ட்மண்டில் கண் வைத்தியர் நேரம் குறித்துத் தந்த Termin இருந்தது. ஜெர்மனியில் நம் ஊரான ஹம் நிலையத்தில் ரயிலுக்குக் காத்து நின்றபோது கையுறையைத் தேடி உள்பையில் கை விட்டேன். விரல் நீளத்தில் ஒரு பச்சைக் குழாய் அகப்பட்டது. தாய்லாந்தில் சந்திக்குச் சந்தி எல்லோரும் மூக்கில் வைத்து உறிஞ்சும் அந்தத் தைலக் குழாய். போன டிசம்பரில் நீர்தான் என் பையில் போட்டிருக்க வேண்டும். மூடியைத் திறந்தேன். கற்பூர நெடி ஏறியதும் கண் கலங்கியது. நெடியால்தான் கலங்குகிறது என்று பக்கத்தில் நின்ற ஜெர்மன் பெண்மணி நினைக்கட்டும் என்று இரண்டு தரம் தும்மிக் காட்டினேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உமக்கு ஒரு பொய்யும் வடிவாச் சொல்ல வராது, மாஸ்டர்" என்று சொல்லியிருப்பீர்.

உண்மைதான். பொய் சொல்லும் பொறுப்பு எப்போதும் உம்முடையதாக இருந்தது. பயண நேரங்கள், விடுதி, காப்புறுதி, மருந்துப் பெட்டி எல்லாம் என் பொறுப்பு. அகதியாக வந்த நமக்கு ஜெர்மன் கடவுச்சீட்டு கிடைத்தபோது, ஹம்மில் நம்மைப் போன்றவர்கள் சகோதரங்களைப் பார்க்க லண்டனுக்கும் கனடாவுக்கும் பறந்தார்கள். நாம் பாங்கொக் போகிறோம் என்றதும் உம்முடைய தங்கை வசந்தி பருப்புக் கரண்டியோடு குசினியிலிருந்து வெளியே வந்துவிட்டாள்.

"பாங்கொக்கிலை எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"மாரியம்மன் இருக்கிறா" என்றீர். "எனக்கொரு நேர்த்தி. மாஸ்டர் துணைக்கு வாறார்."

நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெருவுக்கு வந்ததும், "சாமியைச் சாட்டினா ஒருத்தரும் மேலை கேக்க மாட்டினம்" என்று சிரித்தீர். ஆனால் அந்தப் பொய்யை நீர் பொய்யாக விடவில்லை. பாங்கொக்கில் இறங்கிய மறுநாள் விடியவே குளித்து, பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்த வேட்டியைக் கட்டி, சீலோம் தெருக் கோயிலுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனீர். சாமியின் பெயரால் சொன்ன பொய் உம்மையும் கொஞ்சம் பயப்படுத்தியிருக்க வேண்டும். சாமந்தி மாலையும் தேங்காயுமாக ஒரே தட்டு வாங்கினீர். அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். இரண்டு பெயரையும் இரண்டு நட்சத்திரத்தையும் சொல்லி, "ஒரு வீடு" என்றீர். அவர் தலையாட்டிவிட்டு மந்திரத்தைத் தொடங்கினார். நம் பெயர்கள் இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ஹம்மில் நாம் அர்ச்சனைக்கு இரண்டு சிட்டை எடுப்பவர்கள். ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாக இரண்டு வீடு, இரண்டு பெயர்ப்பலகை, இரண்டு தபால்பெட்டி. இரவில் மட்டும் மாடிப்படி.

கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் மதுக்கடைகள் நிறைந்த அந்தச் சிறு ஒழுங்கை இருந்தது. மாலையில் அங்கே போவோம். கூட்டம் சேர்வதற்கு முன்பே போய்விட வேண்டும் என்பது என் நிபந்தனை. ஓரத்துக் கதிரையில், வெளியே போகும் வழியைப் பார்த்தபடி, மடியில் நகர வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இருப்பேன். யாராவது தெரிந்தவர் கண்டால் வழி தவறி வந்தோம் என்று சொல்லலாம் அல்லவா? வெள்ளைத் தலைக்கார முதலாளி என் முன்னே தேசிக்காய்ச் சாறை வைத்துவிட்டு, "பேராசிரியர் இன்றைக்கும் தொலைந்துபோனாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்பார். உள்ளே மூலைக்கு மூலை ஆண்கள் தோளில் கை போட்டபடி பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் ஒருவரையும் ஒளித்துப் பார்க்கவில்லை. நேராகவே பார்த்தார்கள். அதற்குப் பழக எனக்குச் சில ஆண்டுகள் தேவைப்பட்டன.

ஆண்டுதோறும் போனோம்; இது இரண்டாம் வருடம் என்று நினைக்கிறேன். நாம் பேசுவதைக் கேட்டுப் பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணே, சிலோனா நீங்க?"

நான் சாறைத் தட்டி வரைபடத்தில் ஊற்றிவிட்டேன். மலேசியாவில் ஈப்போக்காரர் அவர், நம் வயதுதான், மீசையை அழகாக வெட்டியிருந்தார். நீர் கொஞ்சமும் அசையாமல், "ஓம். மாரியம்மன் கோயிலுக்கு வந்தனாங்கள்" என்றீர்.

"பயப்படாதீங்க லா" என்றார் அவர். "நானும் வீட்டுல அதத்தான் சொல்லிட்டு வந்திருக்கேன். பாவம் அந்த ஆத்தா. எத்தன பேரத்தான் மூடி மறைப்பாங்க!"

மூவரும் சிரித்த சிரிப்பில் முதலாளி என்னவென்று கேட்க வந்துவிட்டார். அவருக்கு அதை எப்படி விளக்குவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஜெர்மனிக்குத் திரும்பியதும் நீர் குங்குமத்தைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி ஹம்மில் ஒரு வீடு விடாமல் கொடுத்தீர். அவர்கள் பயபக்தியோடு இரண்டு கையாலும் வாங்கினார்கள். எனக்குத்தான் கூச்சம்.

சிங்கப்பூரை நீர் விரும்பவில்லை. அங்கே அப்போது சட்டம் நமக்கு எதிராக இருந்தது. அதைவிட நான் பயந்தது தெரு முழுக்கக் கேட்ட தமிழுக்கு. சிராங்கூன் சாலையில் நான் முன்னே, நீர் பின்னே. "இஞ்சை எல்லாருக்கும் விளங்கும், வாயைத் திறவாதேயும்" என்றேன். "அப்ப டொச்சிலை கதைப்பம்" என்று, தோசைக் கடையில் நின்றுகொண்டு உரத்த ஜெர்மன் மொழியில் என் மேல் அன்பு என்று சொன்னீர். கடைக்காரர் இன்னொரு சட்னி வேண்டுமா என்று கேட்டார். ஹம்மில் நமக்குத் தமிழ் மறைவிடம் இல்லை, ஜெர்மன் மொழியும் மறைவிடம் இல்லை. அங்கே அன்று ஒரு மொழி நமக்கு மட்டும் சொந்தமாக இருந்தது. அந்தச் சட்டத்தையும் இப்போது நீக்கிவிட்டார்கள்.

பிறகு தைப்பே. போன டிசம்பர் நாம் போன கடைசிப் பயணத்தில், பாங்கொக்குக்குப் போகும் முன் அங்கே இறங்கினோம். பழைய சிவப்புச் செங்கல் சந்தைக்குப் பின்னாலுள்ள முற்றத்தில், வெயில் இருக்கும்போதே மேசைகள் நிறைந்திருந்தன. ஒருவர் குழந்தை வண்டியோடு வந்திருந்தார். நரைத்த தலையோடு இரண்டு ஆண்கள், ஒரே நிறக் கோட்டுப் போட்டு, கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். படப்பிடிப்பாளர் அவர்களைச் சிரிக்கச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். அவர்களுக்கு வெட்கம்.

"எங்கட ஹம்மிலையும் செய்யலாம்தானே, எத்தினை வரியமாச் சட்டம் இருக்கு" என்று நான்தான் சொன்னேன். சொன்னதும் என் காது சுட்டது.

"வேண்டாமப்பா. இந்த வயசிலை மாப்பிளைக் கோட்டுப் போட்டா வண்டி வயிறு தள்ளும்" என்றீர். அதோடு அந்தக் கதை முடிந்தது. எனக்கு ஆறுதலாக இருந்ததா, ஏமாற்றமாக இருந்ததா என்று பலமுறை யோசித்துப் பார்த்தேன். இரண்டும்தான்.

பாங்கொக்கில் நம் ஒழுங்கை மாறிவிட்டது. வெள்ளைத் தலைக்காரரின் இடத்தில் கஞ்சா இலைப் படம் போட்ட கடை. பக்கத்தில் பெரிய திரைகள், ஒரே ஒளி வெள்ளம். இளைஞர்கள் கைப்பேசியைப் பார்த்தபடி வருகிறார்கள். யார் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறார்கள் என்று அதிலேயே தெரிகிறதாம். முன்னைய காலம் நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பயம் திரும்பி வரவேண்டும் என்று நான் ஒருநாளும் விரும்ப மாட்டேன். ஆனால் பயந்தவர்கள் ஒருவரை ஒருவர் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு இடம் கொடுத்தார்கள். அது எங்கே போயிற்று, அல்லது இன்னும் இருக்கிறதா, என் கண்ணுக்குத்தான் தெரியவில்லையா, அறியேன்.

கோடையின் கடைசியில் நீர் போய்விட்டீர். வைத்தியசாலைத் தாதி, உறவினர் யார் என்று கேட்டபோது வசந்தி கையை உயர்த்தினாள். அவள் மகன் கொள்ளி வைத்தான். நான் நண்பர்களின் வரிசையில், கடைசிக்கு முந்திய ஆளாக நின்றேன். சடங்குகள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. யாரும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. தேநீர்கூடக் கேட்டுக் கேட்டுத் தந்தார்கள்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. எனக்குத் துடக்கு, அந்தச் சாவுத் தீட்டு, உண்டா? செத்தவரின் சொந்தக்காரர் முப்பத்தோராம் நாள் முடியும்வரை கோயிலுக்குப் போகாமல், மச்சம் மாமிசம் தின்னாமல் இருப்பது நம் வழக்கம். வெள்ளிக்கிழமைகளில் நம் பிள்ளையார் கோயிலில் பஞ்சபுராணம் படிப்பவன் நான். போகலாமா? போனால், நீர் எனக்கு யாருமில்லை என்று சாமிக்கு முன்னே நானே சொன்னதாக ஆகாதா? போகாவிட்டால், ஏன் என்று கேட்பார்களே? ஐயரிடம் கேட்கத் தொலைபேசியை எடுத்து, எண்ணை அழுத்தாமலே வைத்தேன். கடைசியில் போகவில்லை. மீனையும் விட்டேன். யாருக்கும் சொல்லாமல், யாரும் தராத ஒரு உரிமையைக் களவாக எடுத்து வைத்திருப்பதுபோல இருந்தது.

இரண்டு வெள்ளிக்கிழமைகள் கழிந்தன. தமிழ்க்கடையில் முருங்கைக்காய் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தேன். கோயில் சபைச் செயலாளர் பின்னால் வந்து முதுகில் தட்டினார்.

"என்ன மாஸ்டர், ரெண்டு வெள்ளி உங்களைக் காணேல்லை? பஞ்சபுராணத்துக்கு ஆளில்லாமல் நான் படிச்சு, பிள்ளையார் எழும்பி ஓடப் பாத்தார்."

"உடம்பு..." என்றேன்.

"உடம்பு நல்லாத்தானே இருக்கு! ஓ, அவற்ரை செத்தவீட்டுக்கோ? மாஸ்டர், சினேகிதருக்குத் துடக்கு இல்லை. படிச்ச ஆள் உங்களுக்கு நான் சொல்லவேணுமே? நாளைக்கு வாங்கோ."

வாங்குவதற்கு நின்ற நான்கைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். ஓம் என்று சொல்ல வாய் திறந்தேன். என் பழக்கம் அது. யாராவது ஒன்றைத் திடமாகச் சொன்னால் நான் ஓம் என்றுவிடுவேன். அந்த ஓமை மட்டும் சொல்ல முடியவில்லை. முருங்கைக்காயைப் பிடித்தபடி நின்றேன்.

"அவர் வரமாட்டார்."

அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்திலிருந்து வசந்தி வந்தாள். கையில் ஒரு கட்டுக் கீரை.

"அவரும் எங்களோடதான் துடக்குக் காக்கிறார். முப்பத்தொண்டு முடிய வருவார்."

"அதெப்பிடி அக்கா?" செயலாளர் சிரித்தார். "ஒரு ரத்தச் சொந்தமும் இல்லையே."

"உங்களுக்கும் உங்கட மனுசிக்கும் என்ன ரத்தச் சொந்தம்?"

கல்லாவில் இருந்த கடைக்காரப் பெண் மெல்லச் சொன்னாள்: "அக்கா, அவை ரெண்டு பேரும் மச்சான் மச்சாள், சொந்தத்துக்கைதான் கட்டினவை."

"அப்ப அவருக்கு விளங்காது" என்றாள் வசந்தி. "உமக்கு விளங்கும்தானே?"

கடைக்காரப் பெண் என்னைப் பார்த்தாள். "விளங்குது அக்கா" என்றாள். செயலாளர் தன் கூடையிலிருந்த நல்ல முருங்கைக்காய் இரண்டை எடுத்து என் பையில் போட்டு, "அப்ப முப்பத்தொண்டு முடியட்டும், மாஸ்டர்" என்றுவிட்டுப் போனார். அவருக்கும் விளங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

வசந்தி எப்போதிலிருந்து அறிவாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. முப்பத்தோராம் நாள் அவள் வீட்டில் ஐயர் துடக்குக் கழித்தார். மாவிலையால் தண்ணீர் தெளிக்க, வீட்டுக்காரரை முன்னே வரச் சொன்னார். நான் வாசலில் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் நின்றேன். "மாஸ்டர், உங்கை நிண்டு என்ன செய்யிறியள்? இஞ்சாலை வாங்கோ" என்று அவள் கூப்பிட்டாள். அவளுக்கும் மகனுக்கும் இடையில் நின்றேன். தண்ணீர் கண்ணாடியில் விழுந்தது. எல்லோருக்கும் துடக்கு நீங்கிவிட்டது என்றார் ஐயர். எனக்கோ, அதை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்க விட்டிருக்கலாம் என்று பட்டது.

விருந்தினர் போனபின் குசினியில் அவள் தட்டுக் கழுவினாள், நான் துடைத்தேன்.

"மாஸ்டர், ஒண்டு கேக்கட்டே? அங்கை அவன் என்ன மாதிரி இருந்தவன்?"

"விடியவே எழும்பிக் குளிச்சு, அம்மனுக்கு..."

"கோயிலை விடுங்கோ."

நான் ஒரு தட்டைத் துடைத்து முடித்தேன். அடுத்ததையும் துடைத்தேன். பிறகு சொன்னேன்.

"ஆடுவார்."

"ஆர், இவனோ? கலியாண வீடுகளிலை கதிரையை விட்டு எழும்பாமல் எங்கட கைப்பையளுக்குக் காவல் இருக்கிறவன்!"

"ஓம். அங்கை ஆடுவார். வடிவா ஆடுவார்."

"எப்பிடி?"

அதை ஒருவருக்கும் சொல்ல வேண்டி வந்ததில்லை, அதனால் சொற்கள் இருக்கவில்லை. துவாயைத் தோளில் போட்டேன். முழங்காலைக் கொஞ்சம் மடித்தேன். நீர் செய்வதுபோல இரண்டு கைகளையும் நெஞ்சளவுக்கு உயர்த்தி, கண்ணை மூடி, இடது தோளை முன்னே விட்டேன். நீர் ஆடும்போதெல்லாம் ஓரத்துக் கதிரையில் இருந்து பார்த்தவன் நான். ஒருநாளும் எழும்பி வராதவன். ஆனாலும் அந்தத் தோள் எங்கே திரும்பும், எந்த இடத்தில் விரல் சொடுக்கும் என்று என் உடம்புக்குத் தெரிந்திருந்தது. ஹம்மிலோ வேறெங்கேயோ அதைத் தெரிந்தவர் இனி யாருமில்லை. நான்தான் அதைக் கொண்டு திரிகிறேன்.

கண்ணைத் திறந்தபோது வசந்தி ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. குழாயை நிறுத்தினாள்.

"இன்னொருக்காக் காட்டுங்கோ" என்றாள்.