பீரோ அண்ணனின் இடது கை

ஆகஸ்ட் 4, திங்கள்

துணி துவைக்கும் நாள். வாரத்தில் இந்த ஒரு நாள்தான் ஓய்வு. அம்மாவோடு பேசுவதும் இன்றைக்குத்தான். வீடியோவில் என் சட்டையிலிருக்கும் பெயர்ப்பட்டையைப் பார்த்து வழக்கம்போலச் சிரித்தாள். "மூப்பருக்கு இன்னும் மீசையே ஒழுங்கா வரலையே!" பத்தொன்பது வயதுப் பையனை 'மூப்பர்' என்று கூப்பிடுகிற சபை எங்களுடையது. நான் என்ன செய்ய?

இந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள் என்று என்னை ஊழியத்துக்கு இங்கே அனுப்பி எட்டு மாதமாகிறது. கதவு தட்டித் தட்டி விரல் முட்டி காய்த்துவிட்டது. ஞானஸ்நானம்வரை வந்தவர் ஒருவர்கூட இல்லை.

ஜோடி ஊழியன் நெட்டையும் நானும் ஒருவரையொருவர் கண்ணைவிட்டு அகலக் கூடாது என்பது விதி. குளியலறை மட்டும் விலக்கு. அவன் குளிக்க நாற்பது நிமிடம் ஆகும். அந்த நாற்பது நிமிடத்தில்தான் இந்த நோட்டு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

பீரோ அண்ணனுக்கு உதவப் போனோம். வீடு மாற்றிக் கொடுப்பது அவர் தொழில்; சொந்தமாக ஒரு லாரி வைத்திருக்கிறார். இன்று மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பீரோவைத் தனியாளாக முதுகில் ஏற்றி இறக்கினார். அதன் இழுப்பறைகளை மட்டும் சுமந்த நாங்கள் இருவரும் நாக்குத் தள்ளி நின்றோம். "தம்பிங்களா, சாப்பிடறதெல்லாம் எங்கதான் போகுது?"

அண்ணி நான்கு வருடமாகச் சபையில் இருக்கிறார். அண்ணன் ஞாயிறுதோறும் அவரை வாசலில் இறக்கிவிட்டு லாரியிலேயே உட்கார்ந்திருப்பாராம். இந்த வருடம்தான் உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எங்களோடு பாடங்களை எல்லாம் முடித்துவிட்டார். சபையில் விலக்கான டீயை விட்டார். சிகரெட்டை விட்டார். தண்ணீர் ஒன்றுதான் பாக்கி.

ஏழு வயதில் நீச்சல் கற்றுத்தருகிறேன் என்று அவருடைய மாமா ஆற்றில் இறக்கி, பாதியில் கையை விட்டுவிட்டாராம். அன்றிலிருந்து வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்வதோடு சரி. ஷவருக்கு அடியில்கூட நிற்க மாட்டார். எங்கள் ஞானஸ்நானத்திலோ ஆளே வெளியே தெரியாமல் முழுக வேண்டும். ஒரு விரல் மேலே நின்றாலும் மறுபடி.

"தலைக்கு மேல போனா சாண் என்ன, முழம் என்னண்ணே" என்றான் நெட்டை, தைரியம் சொல்வதாக நினைத்து.

"எனக்குச் சாணே பயம் தம்பி."

ஆகஸ்ட் 14, வியாழன்

சம்மதித்துவிட்டார்! முப்பதாம் தேதி!

ஆனால் நான்தான் அவரை முக்க வேண்டுமாம். நான்! ஐம்பத்திரண்டு கிலோ நான், நூற்றுப் பதினைந்து கிலோ அவர். "நெட்டைதானண்ணே உயரம், பலம் எல்லாம்" என்று மென்று முழுங்கினேன்.

"அவரு பயப்படல. நீங்க பயப்படறீங்க. பயப்படறவன் கையை விடமாட்டான்."

இது பாராட்டா, வேறு ஏதாவதா என்று இன்னும் விளங்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

குளத்தில் பழகிப் பார்க்கலாமென்றால், ஊழியர்கள் நீந்தக் கூடாது என்று விதி. ஆகவே கூடத்தில் மெத்தையை விரித்தோம். ஒரு கையால் நெட்டையின் மணிக்கட்டைப் பிடித்து, மறு கையை முதுகுக்குக் கொடுத்து, மெதுவாகச் சாய்த்து... இருவரும் விழுந்தோம். ஆறு தடவை.

கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். எட்டு மாதத்தில் எங்கள் கதவை ஒருவர் வந்து தட்டியது இதுதான் முதல் தடவை. நெட்டை அவருக்கும் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தனுப்பினான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கடைசி வரிசையில் அண்ணன் இல்லை. லாரியில் உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அண்ணி போன் செய்தார். "ரெண்டு நாளா வாயே திறக்கலை தம்பி. ஆனா ஞானஸ்நானத்துக்குக் குடுத்த வெள்ளை உடுப்பை மட்டும் அவரே இஸ்திரி போட்டு வச்சிருக்காரு."

வருவார். வருவார்தானே?

ஆகஸ்ட் 30, சனி

வந்தார்.

இதை ஒழுங்காக எழுத வேண்டும். காலையிலேயே சபைக்குப் போய் ஞானஸ்நானத் தொட்டியை நிரப்பினோம். சாட்சிகள் இரண்டு பேர்: ஒருவர் அண்ணி, இன்னொருவர் சபைத் தலைவர். தலைவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஆள் முழுதாக முழுகினாரா என்று பார்த்துச் சொல்வது சாட்சிகளின் வேலை.

இடுப்பளவு தண்ணீர். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினார். சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொன்னேன். சாய்த்தேன். கல்லாகக் கனத்தார். முழுகினார், எழுந்தார், இருமினார். அண்ணி அழுதுகொண்டே தலையாட்டினார். தலைவரும் தலையாட்டினார். யாரோ பாடவே ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் மட்டும் பார்த்தேன். கடைசி நொடியில் அவருடைய இடது கை, படியோரத்துக் கம்பியைப் பிடித்துவிட்டது. நான்கு விரல்கள் தண்ணீருக்கு வெளியே. மற்றவர்களுக்குத் தெரியாமல் அவர் உடம்பு மறைத்துவிட்டது. அண்ணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடைக்காரரே பார்க்காததை நான் எதற்குப் பார்த்துத் தொலைத்தேன்?

சொல்ல வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த மனிதர் இவ்வளவு தூரம் வந்ததே பெரிது. கடவுள் உட்கார்ந்து விரலையா எண்ணிக்கொண்டிருக்கப் போகிறார்? — ஆனால் நான் எண்ணிவிட்டேனே. என்னை நம்பித்தானே இறங்கினார்? எட்டு மாதத்தில் கிடைத்த முதல் ஆள் கைநழுவிவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டதாக ஆகாதா?

"அண்ணே, கை வெளிய இருந்துச்சு. இன்னொரு தடவை பண்ணணும்."

பாட்டு நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார். கை இன்னும் கம்பியில்தான் இருந்தது. படியேறி, தரையெல்லாம் சொட்டச் சொட்ட நடந்து, உடை மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"சும்மா இருந்திருக்கலாமே தம்பி" என்றார் அண்ணி. குரலில் கோபம்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும். நான் கெட்டா பரவால்ல, அவரையும்ல சேத்துக் கெடுத்துட்டேன்? நாலு வருஷம் காத்திருந்த அந்த அண்ணிக்கு என்ன பதில் சொல்றது? நெட்டை மேலே வரச் சொன்னான். போகவில்லை. நான் ஏறிவிட்டால் எல்லாம் முடிந்துபோகும் என்று தோன்றியது. இருபது நிமிடம் தண்ணீரிலேயே நின்றேன்.

கதவு திறந்தது. அதே ஈர உடுப்பு.

"தண்ணி ஆறிடும், வாங்க தம்பி... அட, நீங்க உள்ளயேதான் நிக்கறீங்களா?"

இறங்கி வந்து இடது கையை என்னிடம் நீட்டினார். "கம்பியை விட்டுட்டேன்னுதான் நினைச்சேன். இந்தக் கை என் பேச்சைக் கேக்காது. இதையும் நீங்களே பிடிச்சுக்குங்க."

இரண்டு மணிக்கட்டும் என் ஒரு கைக்குள் அடங்கவா செய்யும்? எப்படியோ பிடித்தேன். சாய்த்தேன். இந்த முறை கனமே இல்லை, தண்ணீரே அவரை வாங்கிக்கொண்டது. தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

எழுந்தவர் என்னையும் சேர்த்துத் தூக்கிவிட்டார், பீரோவைத் தூக்குகிற மாதிரி. அழுதேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழுதேன்.

செப்டம்பர் 1, திங்கள்

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீ மறைச்சிருந்தாலும் மாட்டியிருப்ப. உன் முழியே காட்டிக்குடுத்துடும்" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 18, சனி

தலைவரின் எட்டு வயது மகளுக்கு இன்று ஞானஸ்நானம். தலைவரே இறங்கி மகளை முக்கினார். சாட்சிகளில் ஒருவர் பீரோ அண்ணன்.

பாப்பா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டது. இன்னொரு சாட்சி தலையாட்டினார். அண்ணன் ஆட்டவில்லை.

"கால் கட்டைவிரல் மேல வந்துச்சுங்க."

தலைவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பாப்பாவுக்கு உதடு பிதுங்கிவிட்டது. மாட்டேன், வீட்டுக்குப் போகலாம், தண்ணீர் மூக்கில் ஏறுகிறது என்று ஒரே அழுகை. அப்பா கெஞ்சினார், அம்மா கெஞ்சினாள். நடக்கவில்லை.

அண்ணன் தொட்டிப் படியில் மெதுவாக உட்கார்ந்தார். "எனக்கும் ரெண்டு தடவைதான் பாப்பா. மொத தடவை எவ்வளவு பயந்தேன்னு அந்த மாமாவைக் கேளு" என்று என்னைக் காட்டினார். அது மூக்கை உறிஞ்சிக்கொண்டே என்னைப் பார்த்தது. கம்பியைப் பிடித்தது, அவர் மறுபடி இறங்கியது எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, அப்பாவிடம் கையை நீட்டியது.

அது முழுகி எழுந்து சிரிக்கிறவரைக்கும் அண்ணன் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அப்போதுதான் கவனித்தேன். புதுக் கால்சட்டையோடு கால்களை முழங்கால்வரை தண்ணீருக்குள் விட்டிருந்தார். இரண்டு கையும் மடியில் இருந்தன.